அம்பாசிடரின் சிவப்பு விளக்கு: மாற்றும் முன் அளந்து பாருங்கள்

அப்பாரு வாங்கிய அம்பாசிடரைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். தாராபுரத்துத் தோட்டத்துக்கும் பொள்ளாச்சிச் சந்தைக்கும் சொந்தக்காரர் வீட்டுச் சீர்களுக்கும் அதுதான் போய்வருகிறது. அம்பாசிடர் தயாரான மேற்கு வங்கத்து உத்தரபாரா ஆலையில் 2014-ல் உற்பத்தி நின்ற பிறகும் என்ஜின் சாமான்களுக்கு எனக்குப் பெரிய தட்டுப்பாடு வந்ததில்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது மீட்டருக்குள் இருக்கும், பேட்டரிக்கு சார்ஜ் ஏறாதபோது எரியும் சிவப்பு சார்ஜ் விளக்கு ஒன்றுதான்.

என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற, பழைய கால டைனமோவோடு வந்த வண்டி இது. பின்னாளில் அதற்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர் மாட்டினோம். அதன் பிறகு பகலில் ஒரு குறையும் தெரியாது. இரவில் ஹெட்லைட்டைப் போட்டதும் சிவப்பு விளக்கு மங்கலாக எரியத் தொடங்கும். வைப்பரும் சேர்ந்து ஓடினால் இன்னும் கொஞ்சம் பிரகாசமாகும். காட்டிய ஒரு கடையில், வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்காமல், "ஆல்டர்னேட்டர் போய்விட்டது, புதிது மாட்டிவிடலாம்" என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. பழைய வண்டிக்காரர்கள் அதிகம் பணம் இழப்பது இந்த இடத்தில்தான்.

அந்த விளக்கு எரிவதற்கு ஒரு கணக்கு உண்டு. அதன் ஒரு முனைக்கு இக்னிஷன் சுவிட்ச் வழியாக பேட்டரியின் மின்சாரம் வருகிறது. மறுமுனை ஆல்டர்னேட்டரோடு சேர்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் மின்சாரம் விளக்கின் வழியே ஆல்டர்னேட்டரின் சுருளுக்குள் போகிறது, விளக்கு எரிகிறது. என்ஜின் ஓடி சார்ஜ் ஏறத் தொடங்கியதும் இரண்டு முனைகளிலும் வோல்ட் சமமாகிவிடும், விளக்கு அணைந்துவிடும். ஆகவே ஓடும் வண்டியில் மங்கலாக எரிகிறது என்றால் இரு முனைக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசம் இருக்கிறது என்று பொருள். எந்தப் பக்கம் குறைகிறது என்பதை விளக்கு சொல்லாது, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் சொல்லும்.

உக்கடம் பக்கம் டைனமோ காலத்திலிருந்தே வேலை பார்க்கும் ஒரு எலக்ட்ரிஷியன் அண்ணன் முதலில் கேட்டது இதைத்தான்: "எப்போதெல்லாம் எரிகிறது, எதைப் போட்டால் கூடுகிறது? அதைச் சொல்லுங்கள் தம்பி, கழற்றுவதை அப்புறம் பார்க்கலாம்." என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு அளந்தார். பேட்டரியில் 14.1 வோல்ட். சார்ஜுக்கு ஒரு குறையும் இல்லை. இக்னிஷன் சுவிட்சுக்கு வரும் வயரில் 12.6 தான். இடையில் ஒன்றரை வோல்ட் எங்கேயோ தொலைந்துகொண்டிருந்தது.

தொலைந்த இடம், டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட்டவுட் பெட்டி. ஆல்டர்னேட்டர் மாட்டியபோது அதைக் கழற்றாமல், வயர்கள் கூடும் இடமாக மட்டும் விட்டுவைத்திருந்தோம். விளக்குகளுக்கும் இக்னிஷனுக்கும் போகும் பழுப்பு நிற வயர்கள் அங்கே ஒரே திருகில் சேர்கின்றன. திருகின் அடியில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. வயரின் மேலுறை அரை விரல் நீளத்துக்குக் கருகி, தொட்டாலே நொறுங்கியது. பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு, கருகிய பகுதியை வெட்டி, வயர் நுனிக்குப் புது லக் (திருகில் மாட்டும் உலோக வளையம்) போட்டுப் பற்றவைத்து, முனையை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார். செலவு ஆல்டர்னேட்டர் விலையின் அருகில்கூட வராது. அதே ஆல்டர்னேட்டரோடு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் மழை இரவுகளில் ஏறியிருக்கிறேன், விளக்கு எட்டிப் பார்க்கவே இல்லை.

பிறகு ஒருமுறை வேறு தொல்லை. வயரிங் வேலைக்கு விட்ட இடத்தில் மீட்டர் பல்புகளையெல்லாம் எல்.இ.டி.யாக மாற்றியிருந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் வண்டியைக் கிளப்பி ஆக்சிலரேட்டரை நன்றாக மிதிக்கும் வரை சார்ஜ் ஏறாது. ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுவதே அந்த பல்பு வழியே போகும் மின்சாரம்தான். 2.2 வாட் இழை பல்பு ஏறத்தாழ 0.18 ஆம்பியர் விடும். எல்.இ.டி. அதில் ஒரு சிறு பங்கைத்தான் விடும். மற்ற பல்புகளை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், சார்ஜ் விளக்குக்குப் பழைய பல்பையே போடுங்கள்.

ஹெட்லைட் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரி மங்கலாக எரிந்து, இரவில் நிறுத்தியிருக்கும்போதும் பேட்டரி இறங்கினால், ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடைச் சந்தேகிக்கலாம். என்ஜின் மின்சாரம் கடத்தாத ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று முழுப் பிரகாசத்தோடு எரிந்தால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். உடனே ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். ஃபேனையும் வாட்டர் பம்பையும் சுழற்றுவது அதே பெல்ட்தான். அறுந்த பெல்ட்டோடு ஓட்டினால் என்ஜின் கொதித்துவிடும். பெல்ட் நன்றாக இருந்து சார்ஜ் மட்டும் இல்லையென்றால், பகல் நேரத்தில், வேறு எதையும் போடாமல், பேட்டரியை வைத்தே பக்கத்து ஊர் வரை வந்துவிடலாம். ஒரு பெல்ட்டும் சின்ன மல்டிமீட்டரும் என் டிக்கியில் எப்போதும் இருக்கின்றன.