சிலபிள் எண்ணும் ஆப்: ஆறு வாரம் பாவித்த பிறகு

திருகோணமலை உவர்மலையில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு ஆங்கில டியூசன் எடுக்கிறேன். ஒரு சொல்லில் எத்தனை சிலபிள், அதாவது ஒலித்துண்டு, என்பதையும் அதன் ஒத்த சொல்லையும் சேர்த்துக் காட்டுகிற இலவச ஆப் ஒன்றை ஆறு வாரமாக வகுப்பில் பாவிக்கிறோம். எண்ணுவதில் கெட்டிக்கார ஆப்தான். 'ஏரியா' ஆங்கிலத்தில் நாலு எழுத்து, மூன்று சிலபிள். 'ஸ்ட்ரெங்த்ஸ்' ஒன்பது எழுத்து, ஒரே ஒரு சிலபிள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள், ஏனென்றால் தமிழ் வகுப்பில் அசை பிரித்துப் பழகிய கணக்கைத்தான் இங்கேயும் போடுகிறார்கள். 'மலர்' நமக்கு ஒரே நிரையசை, சிலபிள் கணக்கில் அது இரண்டு. நாடிக்குக் கீழே கையை வைத்துச் சொல்லச் சொன்னேன், நாடி எத்தனை தரம் இறங்குகிறதோ அத்தனை சிலபிள், உடனே பிடித்துக்கொண்டார்கள். 'கம்ஃபர்டபிள்' என்றால் மட்டும் ஆப் நாலு என்று அடம்பிடிக்கிறது, பேச்சில் பெரும்பாலும் மூன்றுதான், இரண்டையும் காட்டியிருக்கலாம்.

சரி, ஒத்த சொல் பகுதியில்தான் எனக்குக் கோபம். மெலிவைக் குறிக்கும் 'தின்' என்ற சொல்லைத் தேடினால் 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, வித்தியாசம் சொல்ல ஒரு வரி இல்லை. ஒரு பிள்ளை அம்மம்மாவைப் பற்றிய கட்டுரையில் 'ஸ்கின்னி' என்று எழுதிவிட்டு, "அம்மம்மா மெலிவுதானே டீச்சர்?" என்று கேட்கிறாள். மெலிந்தவரும் எலும்பும் தோலுமானவரும் ஒன்றா? எண்ணுவதற்கு இதை வைத்திருங்கள். சொல் தேட, உதாரண வாக்கியம் உள்ள அகராதி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.