மசில் பிரேக்கா, சைலன்சரா, மொட்டைக் குழலா?

என் .308 (தோட்டாவின் அளவு) ரைபிளை வாங்கும்போதே குழல்முனையில் மரை வெட்டியிருந்தது. அதில் எதை மாட்டுவது, இல்லை ஒன்றும் மாட்டாமல் விட்டுவிடுவதா என்று ஒரு வருஷம் இழுத்தடித்தேன். மூன்று விதமாகவும் சுட்டுப் பார்த்துவிட்டு கடைசியில் மசில் பிரேக்கோடு, அதாவது வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையைக் குறைக்கிற முனைத்துண்டோடு, நின்றுவிட்டேன். ஆக இது நடுநிலையான அலசல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொட்டைக் குழலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எடை கூடாது, நீளம் கூடாது, துடைப்பது சுலபம், பக்கத்தில் படுத்துச் சுடுகிறவர் முறைக்க மாட்டார். நாலு கிலோ ரைபிளில் .308 தருகிற உதையும் ஆளைச் சாய்க்கிற உதை இல்லை. இருபது ரவுண்டு வரை எனக்கு ஒன்றும் தெரியாது. நாற்பதைத் தொடும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். விசை விழுவதற்கு ஒரு நொடி முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் தானாக முன்னே போகும். ஒருமுறை நண்பர் ஒருவர் எனக்குச் சொல்லாமல் நடுவில் ஒரு டம்மி தோட்டாவைக் கலந்து வைத்தார். வெடிக்காத துப்பாக்கியின் முனை தரையைப் பார்த்துக் குத்தியதை அங்கிருந்த எல்லாரும் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் குழல்முனையில் ஏதாவது மாட்டியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பிரேக் என்ன செய்கிறது என்பது எளிமையான கணக்கு. 168 கிரெய்ன் குண்டு என்றால் சுமார் 10.9 கிராம். அது வினாடிக்கு ஏறக்குறைய 800 மீட்டர் வேகத்தில் வெளியே போகிறது. அதன் பின்னாலேயே கிட்டத்தட்ட 2.8 கிராம் வெடிமருந்து எரிந்து வாயுவாகி, குண்டைவிட வேகமாகப் பாய்கிறது. மொத்த உதையில் கால் பங்குக்கு மேல் இந்த வாயுவின் வேலை. பிரேக் கை வைப்பது இந்தப் பங்கில் மட்டும்தான், குண்டு தருகிற உதையை அது தொடவே தொடாது. நேரே முன்னால் போக வேண்டிய வாயு, பிரேக்கின் தடுப்புகளில் மோதிப் பக்கவாட்டில் திரும்புகிறது. அந்த மோதல் துப்பாக்கியை முன்பக்கம் இழுக்கிறது. மருந்து அதிகம் எரிகிற மேக்னம் தோட்டாக்களுக்குப் பிரேக் அதிகம் உதவுவது இதனால்தான். உதையின் ஆற்றல் துப்பாக்கி பின்னே வரும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், நல்ல பிரேக் என்றால் அந்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறையும்.

சரி, தோள் தப்பித்தது. ஆனால் நான் பிரேக்கை விடாமல் வைத்திருப்பது தோளுக்காக இல்லை. என் குண்டு எங்கே விழுகிறது என்பதை நானே ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் மாட்டிய தொலைநோக்கியில்) பார்ப்பதற்காக.

300 மீட்டர் தூரத்தை .308 குண்டு அரை வினாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். இருபது மடங்கு பெரிதாக்கி வைத்த ஸ்கோப்பில் அந்தத் தூரத்தில் தெரிவதோ ஒரு சின்ன வட்டம். மொட்டைக் குழலில் சுட்டால் துப்பாக்கி துள்ளி, அந்த வட்டம் எங்கோ வானத்தைக் காட்டிவிட்டு, நான் திரும்பவும் இலக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இரும்புத் தகட்டில் பட்ட 'டங்' சத்தம் அப்புறம்தான் காதுக்கு வரும், குண்டு பட்ட பிறகும் அதற்கு முக்கால் வினாடிக்கு மேல் ஆகும். அது பட்டது என்று சொல்லும், எங்கே பட்டது என்று சொல்லாது. படாவிட்டால் அதுவும் இல்லை.

பிரேக் மாட்டி முதல்முதலாக அதே தகட்டைச் சுட்டேன். வட்டம் கொஞ்சம் குலுங்கியது, அவ்வளவுதான். வெள்ளையடித்த தகட்டில், நடுவுக்குக் கீழே இடப்பக்கமாக, ஒரு சாம்பல்நிறப் பொட்டு என் கண்ணெதிரே முளைத்தது. அடுத்த ரவுண்டு தவறிவிட்டது, ஆனால் தகட்டுக்கு வலப்பக்கம் ஒரு முழம் தள்ளி மண் எழும்பியதைப் பார்த்துவிட்டேன். காற்றை நான் குறைத்து எடைபோட்டிருக்கிறேன் என்று புரிந்தது. கிராஸ்ஹேரை (ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டை) அந்த அளவுக்கு இடப்பக்கம் நகர்த்தினேன், மூன்றாவது பட்டது. தவறிய குண்டுகூட பாடம் சொல்லித் தருகிறது. நான் பெரும்பாலும் தனியாகப் போகிறவன். பக்கத்தில் ஸ்பாட்டிங் ஸ்கோப் வைத்துப் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. எனக்கு இது ஒன்றே போதும்.

இதுவும் சும்மா வராது. உடம்பு துப்பாக்கிக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். கோணலாகப் படுத்தால் எந்தப் பிரேக்காலும் பிரயோஜனம் இல்லை. பிரேக்கை மாட்டுவதிலும் கவனம் வேண்டும். என்னுடையதில் மேல்பக்கமும் ஓட்டை உண்டு. முதலில் நானே மாட்டி இறுக்கியபோது அந்த ஓட்டைகள் நேர் மேலே நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்துவிட்டன. ஒவ்வொரு வெடிக்கும் முனை இடப்பக்கம் தள்ளியது. நான் இரண்டு வாரம் என் பிடியைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். சரியான தடிமனில் ஒரு வாஷர் வைத்ததும் தீர்ந்தது.

இனி வசை. சத்தம். வேட்டை ரைபிள் எதுவானாலும் மொட்டைக் குழலிலேயே 160 டெசிபலைச் சுற்றி இருக்கும். ஒற்றை வெடியே காதைக் கெடுக்கும் எல்லையாகச் சொல்லப்படுவது 140. பிரேக் சத்தத்தைப் பின்பக்கமாகத் திருப்பிவிடுவதால் சுடுகிறவர் காதில் இன்னும் 5 முதல் 10 டெசிபல் ஏறும். 10 டெசிபல் என்பது பத்து மடங்கு ஆற்றல். நான் காதுக்குள் பிளக், மேலே மஃப் என்று இரண்டும் போடுகிறேன். இரண்டையும் போட்டால் பாதுகாப்பு இரண்டு மடங்காகிவிடாது, கூடுதலாகச் சுமார் 5 டெசிபல்தான் கிடைக்கும். அதையும் விட மனமில்லை. கூரை போட்ட சுடுதளத்தில் மூக்கெலும்புவரை அதிரும். படுத்துச் சுடும்போது புழுதி முகத்தில் அடிக்கும். முனைக்குக் கீழே ஈரத்துணி ஒன்றை விரித்துச் சமாளிக்கிறேன். பக்கத்து லேன்காரரின் ஸ்கோர் அட்டை ஒருநாள் பறந்தே போனது. மனுஷர் ஒன்றும் சொல்லாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு நாலு லேன் தள்ளிப் போனார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் கையில் பிரேக் மாட்டிய துப்பாக்கியைக் கொடுக்கவே மாட்டேன். உதைக்குப் பயப்படாதவர் இந்தச் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடுவார்.

அப்படியானால் சைலன்சர் ஏன் இல்லை? நியாயமான கேள்விதான். நண்பருடையதை இரண்டு மாலைகள், மொத்தம் அறுபது ரவுண்டு போலச் சுட்டிருக்கிறேன். அதை வைத்துச் சொல்வதால் இதைப் பாதி எடையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பேர்தான் சைலன்சர், சத்தம் அடங்கிவிடாது. 20, 30 டெசிபல் குறையும், ஒலியின் வேகத்தை மிஞ்சிய குண்டின் சாட்டையடிச் சத்தம் அப்படியே கேட்கும். உதை வெட்டி இழுக்காமல் மெதுவாகத் தள்ளும். அது எனக்குப் பிடித்திருந்தது. குண்டு விழுவதையும் பார்க்க முடிந்தது, ஆனால் பிரேக் அளவுக்கு வட்டம் அசையாமல் நிற்கவில்லை. முனையில் அரைக்கிலோ போலத் தொங்கியது, பதினைந்து ரவுண்டு வேகமாகச் சுட்டதும் சூடேறி ஸ்கோப்புக்கு முன்னால் கானல் ஆடியது. என் ரைபிள் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றுகிற போல்ட் ஆக்‌ஷன். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற செமி ஆட்டோவில் புகை முகத்துக்குத் திரும்பி வரும் என்பார்கள், நான் அனுபவித்ததில்லை. ஃபின்லாந்து, நார்வே, நியூசிலாந்து மாதிரி நாடுகளில் சைலன்சர் சாதாரண விஷயம். பல நாடுகளில் அனுமதியே கிடைக்காது, அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

வேட்டைக்குப் போகிறவர் என்னிடம் கேட்டால் பிரேக் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காட்டில் யாரும் இரண்டு அடுக்காகக் காதை மூடிக்கொண்டு நடப்பதில்லை, கூட வருகிறவருக்கும் காது உண்டு.

நான் இப்போது எப்போதும் கடைசி லேனில்தான் படுக்கிறேன். யாராவது வந்து அடுத்த லேனில் பாயை விரித்தால், பிரேக் மாட்டியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் மஃப் போடும்வரை போல்ட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன்.