வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூர்ப் படமா, வேலையோடு சனி ஞாயிறு படமா?

சொந்த ஊர் தஞ்சாவூரை ஒட்டிய கரந்தை, பிழைப்பு சென்னையில் ஐ.டி. கம்பெனியில். பள்ளிக்கூட லீவெல்லாம் தஞ்சாவூர்ப் படம் பழகியே கழிந்தது. இப்படி ஒருத்தி மறுபடி பிரஷ்ஷைத் தொட நினைத்தால் இரண்டு வழி உண்டு. வேலையில் இருந்துகொண்டே சனி ஞாயிறில் வரைவது ஒன்று. பேப்பர் போட்டுவிட்டு, அதாவது ராஜினாமா செய்துவிட்டு, ஊருக்கே வந்துவிடுவது இன்னொன்று. முதலாவதைச் செய்து பார்த்துவிட்டு இரண்டாவதுக்கு வந்தவள் நான். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

சம்பளம் என்று பார்த்தால் வேலைதான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். பேப்பர் போடும் முன்பே சொந்தமாகப் பாலிசி எடுத்துவிடுங்கள். பி.எஃப். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். எட்டரை வருடத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்வது நல்லது.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியைத் தீர்த்து வைத்தது பணம் அல்ல, படத்தில் மேடு எழுப்பப் பயன்படும் மக்கு என்ற பசை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பூச்சு காய்ந்து, உப்புத்தாளில் தேய்த்து, கோடு போட்டு முடித்த பிறகுதான் மக்கு வேலை ஆரம்பிக்கும். சாக்பவுடரும் கோந்தும் சேர்த்து இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து, கல் பதித்த இடத்தைச் சுற்றிப் பிரஷ் நுனியால் மேடு எழுப்ப வேண்டும். ஒரு சுற்று காய்ந்த பிறகே அடுத்த சுற்று. அவசரப்பட்டு ஃபேனுக்கு அடியில் வைத்தால் மேல்பக்கம் இறுகி மயிரிழை மாதிரி வெடிக்கும். உள்ளே ஈரம் இருக்கும்போதே தங்கத்தாளை ஒட்டினால் தாள் சுருங்கி எழும்பும்.

சனி ஞாயிறுக்காரர்களுக்கு இடி இங்கேதான். ஞாயிறு சாயங்காலம் மிச்சமாகும் மக்கு அடுத்த சனிக்கிழமை கிண்ணத்தில் கட்டியாகிக் கிடக்கும். புதிதாகக் குழைத்தால் அதே பதம் வராது. நான் சென்னையில் போட்ட வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன் படத்தில், தூணின் ஒரு பாதி மேடு வழவழவென்றும் மறுபாதி சொரசொரப்பாகவும் நின்றது. தங்கத்தாள் எதையும் மறைக்காது. விளக்கு வெளிச்சத்தில் அந்த ஒட்டு பளிச்சென்று தெரியும். உழவன் எக்ஸ்பிரஸில் வந்து வாத்தியாரிடம் காட்டினேன். "மக்கு காயற வரைக்கும் பக்கத்துலயே இருக்கணும்மா, நீ ரயிலுக்குக் கிளம்பிட்டா எப்படி?" என்றார். இப்போது காலையில் ஒரு சுற்று, சாப்பாட்டுக்குப் பிறகு தொட்டுப் பார்த்து இன்னொரு சுற்று என்று அதன் போக்கிலேயே போகிறேன். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அதுவும் நடக்காது. அந்த மாதங்களில் பலகை தயார் செய்வது, கோட்டுப்படம் போடுவது என்று வேலையை மாற்றிக்கொள்கிறேன்.

தஞ்சாவூரை ஆண்ட சரபோஜி மன்னர் காலத்துப் படங்களைப் பார்த்தாலும் இதுதான் புரிகிறது. பலா மரப் பலகை, புளியங்கொட்டைப் பசை என்று சாமான்கள் வேறாக இருந்தாலும், ஆற அமர உட்கார்ந்து செய்த கை அது.

வருமானத்துக்கு வருவோம். 22 காரட் தங்கத்தாளின் விலை தங்கத்தின் விலையோடு சேர்ந்து ஏறும். விற்காத படம் சுவரில் நின்றால் காசும் அங்கேயே நிற்கும். அதனால் தாள் விலையையாவது முன்பணமாக வாங்காமல் பெரிய ஆர்டரைத் தொடாதீர்கள். புவிசார் குறியீடு உள்ள ஊர்ச் சரக்கு என்பதால் தஞ்சாவூரிலிருந்து போகும் படத்துக்குக் கேட்பவர் உண்டு. ஆனால் மாதாமாதம் ஒரே மாதிரி வராது. எனக்குச் சொந்த வீடு, வாடகை இல்லை, அம்மாவும் பக்கத்தில் இருக்கிறார். வீட்டுக்கடனும் பிள்ளைகள் ஃபீஸும் இருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வகுப்பு எடுத்துச் சம்பாதிப்பது பற்றியும் அழுத்திச் சொல்ல மாட்டேன், இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன்.

வேலையை விட முடியாதவர்கள் சனி ஞாயிறில் கண்ணாடி ஓவியம் போடலாம். மக்கு கிடையாது, நிறுத்தி நிறுத்திச் செய்யலாம். தஞ்சாவூர்ப் படம்தான் வேண்டும் என்பவர்கள் முதலில் சம்பளமில்லா லீவு கேளுங்கள். தை முதல் பங்குனிக்குள் வைத்துக்கொண்டால் ஒரு சின்னப் படத்தைப் பலகையிலிருந்து கண் திறப்பது வரை இடையில் விடாமல் முடிக்கலாம். பேப்பர் போடுவதா வேண்டாமா என்பதை அந்தப் படத்தை முடித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.