நூலகம் தளத்தின் நினைவு மலர்கள்: பூட்டியைத் தேடிய இரண்டு வருடம்

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடப் போகிறீர்களா? காசு கட்டி எந்தத் தளத்திலும் சேர முதல், ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் இணையத் தளத்தைத் திறந்து ‘நினைவு மலர்கள்’ என்ற பகுதிக்குப் போங்கள். இரண்டு வருடமாக அதைப் பாவித்து வருகிறேன். எங்கள் அம்மம்மாவின் அம்மாவான பூட்டியையும் அவருக்கு முந்தியவரையும் எனக்குக் கண்டுபிடித்துத் தந்தவை அந்தப் பகுதியும் மாமாவின் பையில் இருந்த ஒரு கட்டு உறுதிகளும் (காணிப் பத்திரங்கள்)தான்.

அம்மாவின் ஊர் வலிகாமம் வடக்கு. 1990 ஜூனில் சனம் எல்லாம் எழும்பி ஓடிய பிறகு அந்த இடம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. எத்தனையோ வருடம் கழித்துக் காணி விடுபட்டது என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தால் வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை, ஆள் உயரத்துக்குப் பற்றை. எங்கள் வளவு எதுவரை என்று காட்டித்தர ஊரில் ஒரு கிழவர்கூட மிஞ்சியிருக்கவில்லை. அன்றைக்கு இரவு மாமா ஒரு தோல் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் உடுப்பைக்கூட விட்டுவிட்டு அவர் தூக்கிக்கொண்டு நடந்த பை. உள்ளே உறுதிகள், ஓரம் எல்லாம் செல்லரித்துப்போய். “பிள்ளை, இதிலே உன்ர பூட்டியின்ர பேர் இருக்கு, அவவின்ர தாய் ஆர் எண்டு எனக்கும் வடிவாத் தெரியாது” என்றார். காணிக்காகத் தொடங்கிய தேடல் அந்த இடத்தில்தான் ஆட்களுக்கான தேடலாக மாறியது.

முதலில் வெளிநாட்டில் இருந்து இயங்கும் ஒரு வம்சாவளி நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் கட்டினேன். பெயர் சொல்லவில்லை. அவர்களுடைய படிவத்தில் முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். எங்களுக்கு ஏது குடும்பப்பெயர்? பிறந்தால் தகப்பனின் பெயர், கலியாணம் முடித்தால் புருஷனின் பெயர், அவ்வளவுதான். அம்மம்மாவைத் தகப்பனின் பெயரோடு ஒருதரமும் அம்மப்பாவின் பெயரோடு ஒருதரமும் பதிந்தேன். அந்தத் தளம் அவரை இரண்டு பெண்களாக்கி, இரண்டாவது பெண்ணை எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்தோடு கொண்டுபோய் ஒட்டிவிட்டது. திருத்தச் சொல்லி எழுதினேன், பதில் வரவில்லை. ஆறு மாதக் காசு போனதுதான் மிச்சம்.

நூலகத்துக்குக் காசு தேவையில்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. இலங்கையில் தமிழ் பேசும் மக்களுடைய எழுத்து எதுவாக இருந்தாலும் ஸ்கான் செய்து சேர்த்துக்கொண்டே வருகிறார்கள், இன்றைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 புத்தகம் எரிந்த ஊர் எங்களுடையது. ஒரே ஒரு பிரதியை ஒரே ஒரு அலமாரியில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அங்கே பன்னிரண்டு பக்கச் சிறு பிரசுரத்துக்கும் ஒரு நூலக எண் கொடுத்து, ஆண்டும் பக்க எண்ணிக்கையும் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

சரி, நினைவு மலரில் அப்படி என்ன இருக்கிறது? வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன். எங்களில் சைவக்காரர் உடலை எரிக்கிறவர்கள், கல்லறை கிடையாது. அதனால் ஐரோப்பியர் கல்லறைகளில் போய்ப் பெயரும் திகதியும் படிப்பது மாதிரி எங்கள் ஆட்களைப் படிக்க முடியாது. ஆனால் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதற்கு ஊர்வழக்கில் பெயரே கல்வெட்டு. கல்லில் வெட்ட வேண்டியதைத் தாளில் வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொள்வது. முதலில் பிள்ளையார் துதி, தேவார திருவாசகம், பிறகு இறந்தவரின் வரலாறு, அப்புறம் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று பாட்டுகள், பல மலர்களில் கடைசியில் மடித்து வைத்த ஒரு தாளில் வம்சாவளி. புலம்பல் பகுதியை ஒருவரும் வாசிக்காமல் தள்ளக்கூடாது. வம்சாவளியில் விட்டுப்போன பெயர் அங்கே பாட்டுக்குள் இருக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. பூட்டியின் தம்பி ஒருவருடைய மலரில் வம்சாவளித் தாள் கிழிந்து பாதிதான் இருந்தது, ஆனால் சகோதரிகள் புலம்பலில் மூத்தவளின் பெயரும் அவள் வாழ்க்கைப்பட்ட ஊரும் ஒரே வரியில் வந்தன. அந்த ஊர்ப் பெயரைத் தேடுபெட்டியில் போட்டு, வந்த மலர்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தேன். பதினேழாவது மலரில் பூட்டி இருந்தார், வேறு ஒருவருடைய மாமியாராக.

தேடுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மலரின் தலைப்பில் இறந்தவரின் பெயர் மட்டும்தான் இருக்கும், ஆகவே நீங்கள் தேடும் ஆளின் பெயரைப் போட்டு ஒன்றும் வரவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். அவருடைய மச்சான், சம்பந்தி, சகலன் என்று யாருக்கு மலர் வந்திருக்கும் என்று யோசித்துத் தேடுங்கள். பெண்களை ‘திருமதி’யோடு புருஷனின் பெயர் போட்டுத் தேடுங்கள். பெயரை எழுதும் விதமும் வீட்டுக்கு வீடு மாறும், கந்தையா, கந்தையாபிள்ளை, கந்தப்பிள்ளை எல்லாம் போட்டுப் பாருங்கள்.

இதோடு உறுதியைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் திறக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்தார், ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அதில் சொத்து மூன்று வகை: முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம் (கலியாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்தது), தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது). தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு என்பதுதான் பழைய முறை. காலத்தோடு அது மாறியது, ஆனாலும் தாயின் வளவு மகளுக்கு என்ற பழக்கம் எங்கள் பக்கத்தில் விட்டுப்போகவில்லை. இதனால் என்ன ஆகிறது என்றால், பெண்ணின் பெயருக்கு முன்னால் நிற்கும் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போக, அவள் கையில் இருக்கும் காணியின் பெயர் மாறாமல் நிற்கிறது. எங்கள் வளவுக்கு ஆலடிக் கலட்டி என்று பெயர். ஆலமரம் எப்போது இருந்ததோ தெரியாது, நான் பார்க்கவில்லை, அம்மாவும் பார்க்கவில்லை. நான்கு உறுதியில் நான்கு பெண்கள், நான்கு தகப்பன்மார், நான்கு புருஷன்மார், ஒரே ஆலடிக் கலட்டி.

பழைய உறுதி ஒன்றை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். எந்தக் கோயிற்பற்று, எந்த இறை (இரண்டும் காணி இருக்கும் இடத்தைச் சொல்லும் பழைய பிரிவுகள்), காணியின் பெயர், எத்தனை பரப்பு எத்தனை குழி (பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்), நாலு பக்க எல்லையில் யார் யாருடைய காணி, உள்ளே கிணறு, வான்பயிர் (பனை, தென்னை மாதிரி மரங்கள்) என்று போகும். எல்லைக்காரர் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரராகத்தான் இருப்பார்கள், ஒரு வளவைச் சகோதரங்களுக்குப் பிரித்ததுதானே. அதற்குப் பிறகு மிக முக்கியமான ஒரு வரி வரும்: இந்தக் காணி எனக்கு எப்படி வந்தது என்று. இன்ன ஆண்டு, இன்ன இலக்கம், இன்ன நொத்தாரிசு (உறுதி எழுதி முடிப்பவர்) அத்தாட்சிப்படுத்திய சீதன உறுதிப்படி என் தாயிடமிருந்து வந்தது என்று இருக்கும். அந்த இலக்கம்தான் அடுத்த தலைமுறைக்கு ஏறும் படி. காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று 1840இலேயே சட்டம் வந்துவிட்டது, அந்தச் சாட்சிகளையும் விடாதீர்கள். எங்கள் பூட்டியின் உறுதியில் முதல் சாட்சி அவருடைய தாய்மாமன். பூட்டியின் இடத்தில் கையெழுத்து இல்லை, ஒரு சின்னக் கீறல், அதன் இரண்டு பக்கமும் நொத்தாரிசு அவருடைய பெயரை எழுதியிருக்கிறார். மை அந்தக் கீறலில் மட்டும் தடித்துப் பரவியிருந்தது, எழுதுகோலை அழுத்திப் பிடித்திருக்கிறார் போல. அவருடைய படம் எங்களிடம் ஒன்றும் இல்லை, அந்தக் கீறல்தான் இருக்கிறது.

கலியாணப் பதிவு தேடி அலைகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் சட்டமானது, ஆனால் கலியாணம் அப்படியில்லை, தாலி கட்டிக் கூறை கொடுத்து வழக்கப்படி முடித்ததைப் பதியாமலே விட்ட குடும்பங்கள் ஏராளம், நீதிமன்றங்களும் அதைக் கலியாணமாக ஏற்றன. ஆகவே பதிவுத் துண்டு இல்லாவிட்டால் கலியாணம் எந்த வருடம் என்று சீதன உறுதியின் திகதிதான் சொல்லும். பெண்ணின் தகப்பன், தாய், மாப்பிள்ளை மூன்று பேரும் ஒரே தாளில் இருப்பார்கள். இதைவிட நல்ல கலியாணப் பதிவு எனக்குத் தெரிந்து இல்லை.

உறுதி தொலைந்துபோனவர்கள் கைவிட வேண்டியதில்லை. நொத்தாரிசு மூலத்தைக் கட்சிக்காரருக்குக் கொடுப்பார், ஒன்றைத் தன்னிடம் வைத்திருப்பார், இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். இலக்கமும் திகதியும் தெரிந்தால் அங்கே பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இந்தப் பதிவேட்டைத் தோம்பு என்றே சொல்வார்கள். அது போர்த்துக்கேயச் சொல், ஒல்லாந்தர் காலத்தில் தலைத் தோம்பு, நிலத் தோம்பு, பாடசாலைத் தோம்பு என்று ஆட்களையும் காணியையும் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் எழுதி வைத்தார்கள். ஆனால் தயவுசெய்து நீங்களே போய் எடுங்கள். நான் நேரம் இல்லை என்று ஒரு தரகரிடம் காசைக் கொடுத்தேன், அவர் கொண்டுவந்த பிரதியில் காணியின் பெயர் சரி, இறை வேறு. பக்கத்து இறையிலும் ஓர் ஆலடிக் கலட்டி இருந்திருக்கிறது. அந்தப் பிரதியை நம்பி இரண்டு மாதம் வேறு ஒரு குடும்பத்தின் ஆட்களை என் பூட்டன் பூட்டி என்று எழுதி வைத்திருந்தேன். காணிப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், இறையையும் எல்லையையும் சேர்த்துப் பாருங்கள்.

மலர்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. 31 நாளுக்குள், அழுகைக்கு நடுவில், பிள்ளைகள் ஞாபகத்தில் இருந்து எழுதியவை அவை. சிறுவயதில் இறந்தவர்கள் விட்டுப்போவார்கள், கோபத்தில் பிரிந்தவர்களும் விட்டுப்போவார்கள். இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் வரும் ஆண்டுப் பெயரிலும் கவனம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும், பிரபவ என்றால் 1927ஆ 1987ஆ என்று அச்சகத்தையும் தாளையும் உள்ளே வரும் பேரப்பிள்ளைகளையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மாதத்தையும் பாருங்கள், பிரபவ தை என்றால் 1987 இல்லை, 1988 ஜனவரி. பழைய மலர்கள் வசதியான வீடுகளுடையவைதான் கூடுதலாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அச்சடிக்கக் காசில்லாத வீட்டுக்குக் கல்வெட்டு இல்லை. அந்த வீடுகளின் ஆட்களை எல்லைக்காரராகவும் சாட்சிகளாகவும்தான் பிடிக்க முடிகிறது.

கிறிஸ்தவக் கிளை உள்ளவர்களுக்குச் சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) இருக்கிறது, பங்குப் பதிவேடும் இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள். கத்தோலிக்கர் என்றால் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தைப் பாருங்கள். 1908இல் நடைமுறைக்கு வந்த திருச்சபை விதிப்படி, ஒருவர் எந்தப் பங்கில் கலியாணம் முடித்தாலும் அதை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்து அங்கே குறிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் பிறப்பும் கலியாணமும் கிடைத்துவிடும். என் மச்சாள் ஒருத்தி ஒரே பின்னேரத்தில் மூன்று தலைமுறை ஏறினாள்.

நூலகத்துக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், யோசிக்காமல். மாமாவின் பையின் அடியில் அம்மம்மாவின் கல்வெட்டு ஒன்று இருந்தது, எங்களிடம் மிஞ்சிய ஒரே பிரதி. அதையும் ஸ்கான் செய்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். வம்சாவளித் தாளில் அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு கோடு பென்சிலால் இழுத்து, அதன் நுனியில் யாரோ ஒரு பெண்பிள்ளையின் பெயரை எழுதியிருக்கிறார்கள். அச்சில் அந்தப் பெயர் இல்லை. மாமாவிடம் காட்டினேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். “இது அப்பான்ர எழுத்து” என்றார். ஸ்கானில் அந்தப் பென்சில் கோடு தெளிவாக விழுந்திருக்கிறதா என்று இரண்டுதரம் சரிபார்த்துத்தான் அனுப்பினேன்.