நீரிழிவுப் பூனைக்கான ‘தானியமற்ற’ உணவு: பொட்டலத்தில் அச்சிடப்படாத ஒரு கணக்கு

எங்கள் முத்துவுக்கு ஒன்பது வயது. கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனை. எடை ஆறரை கிலோ, அதாவது அவன் உடல்வாகுக்கு ஒன்றரை கிலோவாவது கூடுதல். சென்ற ஆவணியில் அவன் தண்ணீர்க் கிண்ணத்தை ஒரே நாளில் மூன்று முறை காலி செய்யத் தொடங்கினான். அவனுடைய மணல் தட்டைச் சுற்றி எறும்புகள் சாரை சாரையாக வந்தன. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் அந்த எறும்புகள் எதைச் சொல்கின்றன என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதற்குள் அவனுடைய பின்னங்கால்கள் தளர்ந்து, குதிகால் தரையில் படியும்படி முயலைப் போலத் தாழ்ந்து நடக்கத் தொடங்கியிருந்தான்.

மருத்துவமனையில் இரத்தச் சர்க்கரை 412 என்று காட்டியது. பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால் மருத்துவர் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பாமல், முந்தைய ஓரிரு வாரங்களின் நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையும் செய்து, நீரிழிவு என்று உறுதிப்படுத்தினார். கிளார்ஜின் இன்சுலின் 12 மணி நேரத்துக்கு ஒரு யூனிட் போடவும், உலர் உணவைக் குறைத்து மாவுச்சத்து மிகக் குறைந்த ஈர உணவுக்குப் படிப்படியாக மாற்றவும் சொன்னார். பூனை முழுக்க முழுக்க ஊன் உண்ணும் பிராணி. மாவுச்சத்தைக் கையாளும் திறன் அதன் கல்லீரலுக்குக் குறைவு. ஆகவே உணவை ஒழுங்குபடுத்தினால் சர்க்கரை வெகுவாக இறங்கும் என்பதும், தொடக்கத்திலேயே இன்சுலினையும் சரியான உணவையும் சேர்த்துக் கொடுத்தால் சில பூனைகளுக்குப் பின்னாளில் ஊசியே தேவைப்படாமல் போவதுண்டு என்பதும் உண்மைதான்.

அந்த உண்மையைத்தான் என்னை ஏமாற்றியவர் தமக்கு மூலதனமாக வைத்துக்கொண்டார்.

தெரிந்தவர் ஒருவர் கொடுத்த எண்ணில் பேசியபோது, தம்மைச் செல்லப்பிராணி உணவு ஆலோசகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்ட அவர், “மேடம், ஊசி போட்டு அந்த ஜீவனை ஏன் வதைக்கிறீங்க? மூணு வாரம் நம்ம உணவைக் கொடுங்க, இன்சுலினை நிறுத்திடலாம்” என்றார். இரண்டு கிலோ உலர் உணவு 1,850 ரூபாய். அதனுடன் நாவல்கொட்டை, வெந்தயம், சிறுகுறிஞ்சான் கலந்த பொடி 600 ரூபாய். பொட்டலத்தின் முன்பக்கத்தில் ‘தானியமற்றது, நீரிழிவுப் பூனைகளுக்கு ஏற்றது’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு முறை ஊசி போடும்போதும் முத்து என் கையை நக்குவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குற்ற உணர்வாக இருந்தது. அந்தப் பேச்சை நான் நம்ப விரும்பினேன். மூன்று வாரம் முடியுமுன்பே, பன்னிரண்டாம் நாள், அவர் சொன்னபடியே, என் மருத்துவரைக் கேட்காமல் இன்சுலினை நிறுத்தினேன். அந்தத் தவறு என்னுடையது. அதை நான் மறைக்கவில்லை.

இன்சுலினை நிறுத்திய ஆறாம் நாள் காலையில் முத்து இரண்டு முறை வாந்தி எடுத்தான். கிண்ணத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அவன் வாயருகே குனிந்தபோது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி வந்தது. சர்க்கரை 498, சிறுநீரில் கீட்டோன். இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரித்து எரித்து, இரத்தத்தை அமிலமாக்கிக்கொண்டிருந்தது. நான்கு இரவுகள் டிரிப்ஸில் கிடந்தான். செலவு 26,400 ரூபாய். பணத்தைவிட, இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருப்பது கடினம் என்று மருத்துவர் சொன்னதுதான் இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். சேர்மானங்களில் கோழி இறைச்சித் தூளுக்கு அடுத்தபடியாக உருளைக்கிழங்கு மாவும் பட்டாணியும் மரவள்ளிக்கிழங்கு மாவும் இருந்தன. இவை எவையும் தானியம் அல்ல என்பதால் ‘தானியமற்றது’ என்ற சொல்லில் பொய் இல்லை. ஆனால் மூன்றுமே மாவுச்சத்து நிறைந்தவைதான். மாவுச்சத்தின் அளவை அச்சிடாமல் விட்டிருந்தார்கள். அதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். புரதம் 30, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10, சாம்பல் (தாது உப்புகள்) சுமார் 7 எனக் கூட்டினால் 63. நூறில் மீதி 37 மாவுச்சத்து. கிராமுக்குப் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் 3.5 கலோரி, கொழுப்புக்கு 8.5 கலோரி என்று வைத்துப் பார்த்தால், அந்த உணவு தரும் ஆற்றலில் சுமார் 38 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. நீரிழிவுப் பூனைக்கு அது சுமார் 12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதே மருத்துவர் எனக்குச் சொன்ன அளவு. இப்போது நான் கொடுக்கும் ஈர உணவில் இதே கணக்கைப் போட்டால் 4 விழுக்காடுதான் வருகிறது. உலர் உணவை மணியாக வார்ப்பதற்கே மாவுச்சத்து வேண்டியிருப்பதால், முன்பக்க எழுத்து எதுவானாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சரியான உணவுக்கு மாறுவதிலும் ஓர் ஆபத்து உண்டு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மாவுச்சத்து குறைந்ததும் சர்க்கரை வேகமாக இறங்கும். இன்சுலினைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் அது அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடும். ஈர உணவுக்கு மாறிய இரண்டாவது வாரத்தில், ஒரு விடியற்காலை நான்கு மணிக்கு முத்து நடக்கும்போது தள்ளாடினான். காது விளிம்பில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தேன்: 52. மருத்துவர் முன்பே சொல்லி வைத்திருந்தபடி ஈறில் தேன் தடவி, சற்றுத் தெளிந்ததும் உணவு கொடுத்து, விடிந்ததும் அவரிடம் ஓடினேன். அளவு அரை யூனிட்டாகக் குறைந்தது. ஊசியின் வகையையும் கவனியுங்கள்: கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட் கொண்டது, அதை மருந்துக்கடையில் கிடைக்கும், மில்லிக்கு 40 யூனிட் என்று அளவு குறித்த ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடலில் ஏறிவிடும். புதிய உணவு பிடிக்கவில்லை என்று பூனையைப் பட்டினி போட்டுப் பழக்கவும் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்த ஆலோசகர், பிரித்த பொட்டலத்துக்குப் பணம் தர முடியாது என்றும், பூனை வெளியே எதையாவது தின்றிருக்கும் என்றும் சொன்னார். முத்து எங்கள் மூன்றாவது மாடி வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. வேக வைத்த கோழியை மட்டும் கொடுத்துப் பாருங்கள் என்று அடுத்த யோசனையையும் சொன்னார். வெறும் வேக வைத்த இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு என்பதும், பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்து வேகும் நீரோடு கரைந்து போகும் என்பதும், டாரின் போதாவிட்டால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும் என்பதும் அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அக்கறை இல்லை. அதன்பின் என் அழைப்புகளை எடுக்கவே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்காக ரசீது, மருத்துவமனைக் கட்டணச் சீட்டுகள், இன்சுலினை நிறுத்தச் சொன்ன குரல்பதிவு ஆகியவற்றோடு, பாதி மீந்த அந்தப் பொட்டலத்தையும் முடிச்சுப் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே போன்ற உணவையும் பொடியையும் வாங்கியவர்கள் உறையைத் தூக்கி எறிந்துவிடாமல் வைத்திருங்கள். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் புகார் செய்யலாம். இன்சுலினை நிறுத்தியிருந்தால் இதைப் படித்த கையோடு உங்கள் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.