எகனாமிக்ஸ் சீட்டும் இன்டர்ன்ஷிப்பும் வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் எச்சரிக்கை

பிளஸ் டூ ரிசல்ட் நேரத்தில் இவர்கள் வீடு வீடாகப் போன் அடிப்பார்கள் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். ஈரோட்டில் உள்ள ஒரு கரியர் கைடன்ஸ் நிறுவனம் என் அக்கா மகளுக்காக 65,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த காரியம் இது.

பெண் நன்றாகப் படிப்பவள். மாநிலப் பாடத்திட்டத்தில் காமர்ஸ் குரூப்: வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள். கணிதம் கிடையாது. பொருளியல் ஆசிரியை பாடம் எடுத்த விதத்தில் அந்தப் பாடத்தின் மேல் அவளுக்கு உயிர். டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. எகனாமிக்ஸ் ஆனர்ஸ், முதல் வருஷமே பெரிய கம்பெனியில் பிசினஸ் இன்டர்ன்ஷிப், இரண்டும் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்றார்கள். "பாப்பாவை எங்ககிட்ட விட்டுருங்க சார், மூணு வருஷத்துக்கு நீங்க எதையும் யோசிக்க வேண்டாம்" என்று மச்சானிடம் அந்த ஆள் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். பணம் இரண்டு தவணையாக, ஜிபேயில், கம்பெனிக் கணக்குக்கு அல்ல, தனி நபர் நம்பருக்குப் போனது.

அவர்கள் நிரப்பச் சொன்ன படிவம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. பெயர், பள்ளி, அப்பாவின் தொழில், வருட வருமானம், சொந்த வீடா வாடகையா என்பது வரை கேட்டிருக்கிறார்கள். பிளஸ் டூவில் என்ன குரூப் என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை.

டெல்லி பல்கலைக்கழகத்தில் எகனாமிக்ஸ் ஆனர்ஸ் படிக்க க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு) தேர்வில் கணிதம் எழுதியாக வேண்டும். பிளஸ் டூவில் படித்த பாடத்தைத்தான் க்யூட்டிலும் எழுத வேண்டும் என்பதும் அங்கே விதி. 2022 முதல் இளநிலைச் சேர்க்கை க்யூட் வழியாகத்தான் நடக்கிறது, விதிகள் எல்லாம் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. அதாவது, அந்த சீட் இவளுக்குக் கிடைக்காது என்பது பணம் வாங்கிய அன்றே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அது தெரியாமல் வாங்கினார்களோ தெரிந்தே வாங்கினார்களோ, இரண்டுமே மன்னிக்க முடியாதது. அவர்கள் பிரசுரத்தில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் படம் வேறு இருந்தது. அங்கேயும் கணிதம் இல்லாமல் பி.எஸ்சி. எகனாமிக்ஸ் சேர முடியாது.

தான் படித்த பாடங்களில் க்யூட் எழுதினாள், நல்ல மார்க்கும் வந்தது. சேர்க்கைத் தளத்தில் அவள் தகுதி பெற்ற படிப்புகளின் பட்டியல் வந்தபோது எகனாமிக்ஸ் ஆனர்ஸ் அதில் இல்லை. போன் செய்தால் "சர்வர் பிரச்சினை, ரெண்டு நாள் பொறுங்க" என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

இன்டர்ன்ஷிப் கதை இதைவிட மோசம். 'பிசினஸ் டெவலப்மென்ட் இன்டர்ன்' என்று ஒரு ஆஃபர் லெட்டர் வந்தது. பதிவுக் கட்டணம் என்று தனியாக 2,500 ரூபாய். வேலை என்னவென்றால், கூடப் படித்த பிள்ளைகளின் பெயர், பெற்றோர் போன் நம்பர், அப்பாவின் தொழில் எல்லாம் சேகரித்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். இத்தனை பேர் சேர்ந்தால் சர்டிபிகேட், அதற்கு மேல் சேர்ந்தால் சிபாரிசுக் கடிதம். முதன்முதலில் அக்காவுக்குப் போன் செய்து அன்பாகப் பேசிய பெண்ணும் இப்படிப்பட்ட ஒரு 'இன்டர்ன்'தான் என்பது அப்போதுதான் புரிந்தது. அக்கா மகள் ஒரு நம்பர்கூடக் கொடுக்கவில்லை. அவளை நினைத்து எனக்குப் பெருமைதான்.

உண்மையான இன்டர்ன்ஷிப்புகளின் நிபந்தனைகளைப் பார்த்தாலே இவர்களின் பேச்சு பொய் என்று தெரியும். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கில் இளநிலை மாணவர்கள் இரண்டாம் ஆண்டைத் தாண்டியிருக்க வேண்டும், பிளஸ் டூவில் 85 சதவீதமும் கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை என்றார்கள். ஆனால் அது 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு என்றும், முழுநேரம் படிப்பவர்களுக்கு இல்லை என்றும்தான் அறிவித்தார்கள். ரிசர்வ் வங்கியின் கோடைகாலப் பயிற்சி முதுநிலை, ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு, சட்டம் படிப்பவர்களுக்கானது. பள்ளி முடித்த கையோடு யாரையும் அங்கே உட்கார வைக்க முடியாது.

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்து, எகனாமிக்ஸ் ஆசையும் இருந்தால் பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதே கணிதத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம், காசு கிடையாது.

இவள் இப்போது அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் படிக்கிறாள். விண்ணப்பத்துக்கு ஆன செலவு ஐம்பது ரூபாய். புள்ளியியல் தாளுக்காகக் கணிதத்தை அடியிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள். எம்.ஏ.வுக்குக் கோட்டூர்புரத்தில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போக வேண்டும் என்பது ஆசை.

பணத்தைக் கேட்டபோது, 'சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அதன் பிறகு 20,000 மட்டும் வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இதே மாதிரி பணம் கட்டியவர்கள் ரசீது, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் எனக்கு மெசேஜ் செய்யுங்கள், எங்கள் மனுவின் நகலை அனுப்புகிறேன்.