பத்து முறை எழுதுவதா, புளியங்கொட்டையா?

என் மகளுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு இரண்டு வழிகளையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டோம். ஒன்று, சொல்லைப் பத்து முறை எழுதி மனப்பாடம் செய்வது. இன்னொன்று, ஒலியாகப் பிரித்து, கோத்துப் படிப்பது. நான் இரண்டாவதன் பக்கம்.

எழுதிப் பழகச் செலவில்லை. எந்த டியூஷனிலும் கிடைக்கும். திங்கட்கிழமை டிக்டேஷனில் மார்க்கும் வரும். வெள்ளிக்கிழமை அதே சொல்லைக் கேட்டால் விழிப்பாள். புதிதாகப் பத்துச் சொல் உள்ளே போனால் பழைய பத்து வெளியே வந்துவிடும்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது ஒரே கேள்விதான்: இதுவரை பார்க்காத சொல் வந்தால் என்ன செய்கிறாள்? மனப்பாடக் காலத்தில் முதல் எழுத்தைப் பார்த்து ஊகிப்பாள். 'ஷிப்' இருந்தால் 'ஷாப்' என்பாள்.

இரண்டாவது வழிக்கு வந்தபோது, சிறப்பு ஆசிரியை ஒரு பிடி புளியங்கொட்டையை மேசையில் கொட்டினார். ஓர் ஒலிக்கு ஒரு கொட்டை நகர வேண்டும். "ஸ்டாப்" என்றார். மகள் மூன்று நகர்த்தினாள்: ஸ், டா, ப். ஆங்கிலக் கணக்கில் நான்கு. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழில் 'டா' ஒரே எழுத்து. சொல்லுக்குள் இருக்கும் ஒலியைப் பிரித்துக் கேட்பதுதான் டிஸ்லெக்ஸியா உள்ள பல பிள்ளைகளுக்குச் சிரமம். மெய்யையும் உயிரையும் தனித்தனியாக எழுதும் ஆங்கிலம் சரியாக அந்த இடத்திலேயே கை வைக்கிறது. ஆசிரியை தமிழ்ப் பாடத்தையே துணைக்கு எடுத்தார்: ட் + ஆ = டா. அது அவளுக்குப் பள்ளியில் பழகியதுதான். நான்காவது கொட்டையும் நகர்ந்தது.

அடுத்த சிக்கல், குண்டூசி 'பின்'னும் குப்பைத்தொட்டி 'பின்'னும். பாருங்கள், நான் இங்கே எழுதும்போதே இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன! உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துச் சொல்லவைத்தார்கள். குண்டூசிக்குக் காற்று வந்து மோதும், தொட்டிக்கு அவ்வளவாக மோதாது. காது தவறவிட்டதைக் கை பிடித்துக்கொண்டது.

குறையும் உண்டு. முதல் இரண்டு மாதம் மார்க்கில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. டியூஷனையே தொடர்ந்திருக்கலாமோ என்று எனக்கே தோன்றியது. அப்புறம், நான் சொல்வதெல்லாம் ஒரு பிள்ளையை வைத்துத்தான். எட்டாம் வகுப்பில் தொடங்குபவர்களுக்கு இதே வேகம் வருமா என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. 'ஒன்' (one), 'செட்' (said) போல எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் ஒட்டாத சொற்களை எப்படியும் நெட்டுருப் போட்டே ஆகவேண்டும். பழைய டிக்டேஷன் நோட்டைத் தூக்கிப் போடவில்லை. இப்போது அதில் அந்த மாதிரிச் சொற்கள் மட்டும்தான்.